நிலையத்தின் பெயரைச் சொல்லும் குரல்



தோட்டப் பள்ளிகள் பலவற்றில் முன்பு மணி என்று தொங்கிக்கொண்டிருந்தது உண்மையில் மணி அன்று. அது ஒரு தண்டவாளத் துண்டு. தாழ்வாரத்து உத்தரத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். காலை ஏழரை மணிக்கு மூத்த மாணவன் ஒருவன் இரும்புக் கம்பியால் அதை ஓங்கி அடித்தால், லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். நான் படித்த பள்ளியிலும் அப்படித்தான். எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் இரயில் கிடையாது. ஆனாலும் தண்டவாளம் எங்களை நாள்தோறும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது.

இன்றைய பேச்சும் ஒரு கூப்பிடும் ஒலியைப் பற்றியதே. கோலாலம்பூரில் நிலத்துக்கு அடியில் ஓடும் இரயில்களில் நேயர்களில் பலர் பயணம் செய்திருப்பீர்கள். அவற்றில் ஓட்டுநர் இல்லை. பச்சைக் கொடி காட்டும் கார்டும் இல்லை. ஆயினும் வண்டி நகர்ந்து சிறிது நேரத்தில் எங்கிருந்தோ ஒரு குரல், "ஸ்டேசென் பெரிக்குட்ஞா" என்று தொடங்கி அடுத்த நிலையத்தின் பெயரைச் சொல்லுகிறது. பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொல்லுகிறது. பேசுகின்ற ஆள் யார்? நிலையம் வருவது அதற்கு எப்படித் தெரிகிறது? இந்த வழக்கம் எங்கே, எதற்காகத் தொடங்கிற்று? கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் நம் பாட்டிமார்களுக்கு அந்தக் குரல் என்ன சொல்லுகிறது? இவற்றைச் சிறிது பார்ப்போம்.

முதலில் தோட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கிராணியோ கங்காணியோ பெயர்களைப் படிப்பார். கூப்பிட்ட பெயருக்குக் குரல் கொடுத்தவருக்கு அன்று வேலை உண்டு. கொடுக்காதவருக்கு அன்றைய கூலி இல்லை. அந்தக் குரல் தமிழ்க் குரல். தமிழ் தெரியாமல் தோட்டத்தை நடத்த முடியாது என்பதால் வெள்ளைக்காரத் துரைமார்களும் தமிழ் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களுக்கென்றே கைநூல்கள் அச்சிடப்பட்டன. அவற்றில் இருந்த தமிழ் பெரும்பாலும் ஏவல் தமிழ்தான், வா, போ, வெட்டு, தூக்கு என்று. எப்படியானாலும் தமிழ் ஆயிற்றே!

ஊர்ப் பெயர்களிலும் அந்தத் தமிழ் ஏறிக்கொண்டது. பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் பெயர் மாற்றம் பெற்ற ஊரைப் பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லுகிறார்கள். அதன் அருகில் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-ஆம் ஆண்டில் செம்பனை நட்டார். இந்நாட்டில் வாணிப நோக்கத்தோடு நடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனை வளர்ந்த தோட்டத்துக்குத் தென்னையின் பெயர்! ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டு, மலாய் நாவிலும் ஆங்கில நாவிலும் புரண்டு, இன்றைக்கும் அது தமிழ்ப் பெயராகவே நிற்கிறது. தோட்டப்புறத்தில் எழுதப்படாத பெயர்களும் உண்டு. நாலாங்கட்டை, எட்டாங்கட்டை என்று மைல்கல்லை வைத்தே இடத்தை அடையாளம் சொல்லுவார்கள். ஊரின் பெயர் தெரியாவிட்டாலும் எத்தனையாவது கட்டை என்று தெரிந்தால் போதும், பேருந்திலிருந்து சரியான இடத்தில் இறங்கிவிடலாம். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

மலாயாவின் முதல் இரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு 1885 ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. அதை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படையினர் வரவழைக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு, 1886 செப்டம்பரில், கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே வண்டி ஓடிற்று. பின்னர் பாதை வடக்கே திரும்பி 1892-இல் ரவாங்கையும், 1893-இல் செரண்டாவையும், 1894-இல் கோலகுபுவையும் எட்டியது. குவாங்கிலிருந்து பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஒரு கிளைப்பாதையும் இருந்தது. தண்டவாளம் போட்டவர்களிலும், அதைப் பராமரித்தவர்களிலும் பெரும்பாலோர் தென்னிந்தியத் தொழிலாளர்கள். நிலைய அலுவலர்களிலும் எழுத்தர்களிலும் யாழ்ப்பாணத் தமிழர்கள் மிகப் பலர். ஆகையால் அக்கால இரயில் நிலையத்தில் தமிழ் கேட்பது வியப்பன்று. பார்ப்பதற்கும் தமிழ் இருந்தது. நிலையப் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகள் அடுக்காக எழுதப்பட்டிருக்கும். 1967-ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டத்துக்குப் பிறகு மலாய் மொழி ஒன்றே ஆட்சிமொழி ஆயிற்று. பொதுப் பலகைகளும் காலப்போக்கில் மாறின.

ஒரு பலகை மட்டும் மாறவில்லை. மின்சாரத் துணைநிலையங்களின் இரும்பு வேலியில் மண்டையோட்டுப் படத்தோடு தொங்குமே, அந்தச் சிறு பலகையைச் சொல்லுகிறேன். அதில் மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் 'அபாயம்' என்று எழுதியிருக்கிறது. என் வகுப்பு மாணவர்கள் பள்ளிக்கு வெளியே, அரசாங்கப் பலகை ஒன்றில், தமிழ் எழுத்தைக் கண்டுபிடித்து வரும்படி ஒருமுறை சொன்னேன். பெரும்பாலோர் எழுதிக்கொண்டு வந்தது இந்த ஒரு சொல்லைத்தான். சிரிப்பும் வந்தது, சிந்தனையும் வந்தது. மற்றதெல்லாம் எந்த மொழியில் இருந்தாலும், சாகக்கூடிய இடத்தில் எல்லாருடைய மொழியிலும் சொல்லிவிட வேண்டும் என்று அந்தப் பலகையை எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

தமிழில் கூப்பிட்ட குரலெல்லாம் நன்மைக்கே கூப்பிட்டது என்றும் நாம் எண்ணிவிடக் கூடாது. ஜப்பானியர் ஆட்சியில் சயாமிலிருந்து பர்மாவுக்கு இரயில் பாதை போட ஆள் தேவைப்பட்டபோது, மலாயாத் தோட்டங்களில் ஆள் திரட்டினார்கள். மூன்று மாத வேலை என்று சொல்லப்பட்டது. தானாகப் போனவர்கள் சிலர். பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் பலர். நோங் பிளாடுக்கிலிருந்து தன்பியூசாயாட் வரை நானூறு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. பல்லாயிரம் தமிழர்கள் திரும்பி வரவில்லை. சிலாங்கூர்த் தோட்டங்களில் அந்த இழப்பை அறியாத பழங்குடும்பங்கள் குறைவு. இரயில் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறிய முதியவர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.

இனி, நிலத்தடி இரயிலுக்கு வருவோம். தரைமேல் ஓடும் வண்டியில் நிலையத்தின் பெயரை யாரும் சொல்ல வேண்டியதில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தால் போதும். ஒரு கோயில் கோபுரம், ஓர் ஆற்றுப் பாலம், பால் காய்ச்சும் புகைக் கொட்டகை, இவற்றைக் கண்டே நம் ஆட்கள் இறங்கும் இடத்தை அறிவார்கள். நிலத்துக்குக் கீழே இருட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

உலகின் முதல் நிலத்தடி இரயில் இலண்டனில் 1863 ஜனவரியில் ஓடியது. அது நீராவி வண்டி. ஆழத்தில் குழாய் போலத் துளையிட்டு மின்சாரத்தால் ஓட்டிய முதல் பாதையும் அங்கேதான் 1890-இல் திறக்கப்பட்டது. சுரங்கத்துக்குள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணியோ என்னவோ, அந்தப் பெட்டிகளுக்குச் சரியான சன்னலே வைக்கவில்லை. மேலே ஒரு சிறு கண்ணாடிப் பட்டை மட்டும் இருந்தது. மெத்தை வைத்த சிறை அறை என்று மக்கள் கேலி செய்தார்கள். ஆகவே பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பணியாளர் நின்றுகொண்டு, வாயிற் கதவைத் திறந்து மூடுவதோடு ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் உரக்கக் கூவுவார். நிலத்தடி இரயிலின் முதல் அறிவிப்பாளர் அவர்தாம். அவருடைய தொண்டை எத்தனை நாள் தாங்கிற்றோ!

பிறகு சன்னல்கள் வந்தன, கதவுகள் தாமாகவே மூடத் தொடங்கின, பணியாளர்கள் குறைந்தார்கள். 1968 செப்டம்பரில் இலண்டன் விக்டோரியா பாதையில் வண்டியைத் தானாக ஓட்டும் முறையே வந்துவிட்டது. கூவுவதற்கு ஆள் இல்லை. ஆனால் கூவ வேண்டிய தேவை இருந்தது. அதற்குக் காரணம் வளைவு. வளைந்த நடைமேடையின் ஓரத்தில் நேரான பெட்டி வந்து நின்றால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். வட்டமான பானையை நேரான சுவரோடு ஒட்டி வைத்துப் பாருங்கள், தெரியும். அந்தச் சந்தில் கால் அகப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1960-களின் கடைசியில் இதற்காகவே பதிவு செய்த எச்சரிக்கையை ஒலிக்கவிட முடிவு செய்தார்கள். ஒலிநாடா ஓயாமல் சுழன்றால் தேய்ந்துபோகும். ஆகையால் அசையும் உறுப்பு எதுவும் இல்லாத மின்னணுப் பதிவுக் கருவியை நாடினார்கள். அக்காலத்தில் அத்தகைய கருவியில் ஒரு சொல்லைச் சேமித்து வைப்பதற்கே பெருஞ்செலவு பிடிக்கும். ஆகவே வாக்கியம் சுருங்கிற்று. 'மைண்ட் த கேப்', மூன்றே சொற்கள். இடைவெளி, கவனம் என்பது பொருள். நடைமேடையில் பெயிண்டால் எழுதுவதற்கும் அது வசதியாக இருந்தது. முதலில் ஒரு நடிகர் அதைப் பேசிப் பதிவு செய்தாராம். ஒலிக்கும்போதெல்லாம் தமக்கு உரிமைத்தொகை வேண்டும் என்று அவர் கேட்கவே, பதிவுக்கூடத்தின் உரிமையாளரான பீட்டர் லாட்ஜ் என்பவர், கருவியைச் சரிபார்ப்பதற்காகத் தாமே பேசி வைத்திருந்த பதிவு பயன்பட்டதாகச் சொல்லப்படுகிறது. நாடு முழுக்க அறிந்த குரல், ஒத்திகைக் குரலாக இருந்திருக்கிறது.

இதே சொற்களை வேறொரு பாதைக்காக ஆசுவால்ட் லாரன்ஸ் என்ற நடிகர் பேசியிருந்தார். அவர் 2007-இல் காலமானார். அவருடைய மனைவி அதன்பின் எம்பேங்க்மெண்ட் என்ற நிலையத்துக்குப் போய், நடைமேடையில் அமர்ந்து, கணவரின் குரலைக் கேட்டுவிட்டு அடுத்த வண்டியில் போவார். 2012 நவம்பரில் ஒருநாள் போனபோது வேறு குரல் கேட்டது. கருவிகள் புதுப்பிக்கப்பட்டிருந்தன. அவர் கேட்டுக்கொண்டதன்பேரில் 2013-இல் அந்த ஒரு நடைமேடைக்கு மட்டும் பழைய குரலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரயில் நிர்வாகங்கள் இப்படியும் நடந்துகொள்வது உண்டு என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

இந்தக் குரல்களில் வானொலிக்காரர்களின் பங்கு பெரிது. 2002 டிசம்பரில் தொடங்கிய தில்லி மெட்ரோவில் இந்தியில் பேசுபவர் ஷம்மி நாரங், ஆங்கிலத்தில் பேசுபவர் ரினி சைமன் கன்னா. இருவரும் செய்தி வாசித்துப் பெயர் பெற்றவர்கள். நியூயார்க் சுரங்க இரயிலில் கதவை விட்டு விலகி நிற்கச் சொல்லும் சார்லி பெல்லட்டும் வானொலி அறிவிப்பாளரே. கேட்பவரின் முகம் தெரியாமல், ஒரே தடவையில், ஒவ்வோர் எழுத்தும் விளங்கும்படி பேசுவது வானொலிக்காரர்களின் தொழில் அல்லவா!

சரி, நிலையம் வருவது கருவிக்கு எப்படித் தெரிகிறது? இதில் மாயம் ஒன்றும் இல்லை. எண்ணிக்கைதான். வண்டியின் அச்சில் பொருத்திய ஒரு கருவி, சக்கரம் எத்தனை சுற்று சுற்றிற்று என்று எண்ணுகிறது. சக்கரத்தின் சுற்றளவு தெரியும். சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வண்டி கடந்த தூரம் கிடைக்கும். நம் ஐந்தாம் ஆண்டு மாணவன் போடும் கணக்குதான். ஆனால் சக்கரம் தேயும், ஈரத்தில் வழுக்கும். கணக்கு சிறிது சிறிதாகப் பிசகும். அதைத் திருத்துவதற்காகப் பாதையில் குறிப்பிட்ட இடங்களில் அடையாளக் கருவிகளைப் பதித்திருக்கிறார்கள். அவற்றைக் கடக்கும்போது, நீ இப்போது இன்ன இடத்தில் இருக்கிறாய் என்று வண்டிக்குத் தெரிவிக்கப்படுகிறது. ஒருவகையில் அவையும் கட்டைகளே, நாலாங்கட்டை, எட்டாங்கட்டை. தூரம் இன்னதென்று தெரிந்ததும், கணினி பட்டியலில் அடுத்துள்ள பெயரை எடுத்து, 'அடுத்த நிலையம்' என்ற பொதுவான பதிவோடு ஒட்டி ஒலிக்கச் செய்கிறது. தொடர்ச்சியாகப் பேசுவதுபோல் நம் காதுக்குத் தோன்றுவது, துண்டு துண்டாகப் பதிந்து தைத்த பேச்சு. கவனித்துக் கேட்டால் தையல் தெரியும். பெயருக்கு முன் ஒரு சிறு நிறுத்தம், பெயரில் கொஞ்சம் மாறிய தொனி. இப்போது எழுத்தைக் கொடுத்தாலே கணினி பேசிவிடுகிறது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு அத்தகைய முறைகளை உருவாக்கியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்தக் குரல் நிலத்தடிக்குச் சென்றது 1999 ஜூனில். கிளானா ஜெயா பாதை என்று இன்று நாம் சொல்லும் எல்.ஆர்.டி., பசார் செனியிலிருந்து வடக்கே நீட்டப்பட்டபோது மஸ்ஜித் ஜாமெக் முதல் அம்பாங் பார்க் வரை ஐந்து நிலையங்கள் பூமிக்கு அடியில் அமைந்தன. ஓட்டுநர் இல்லாத வண்டி அது. முன்கண்ணாடி அருகே பிள்ளைகளை நிறுத்திக் காட்டுவது அப்போது ஒரு திருவிழா. பிறகு எம்.ஆர்.டி. வந்தது. புத்ராஜெயா பாதையின் முதற்பகுதி 2022 ஜூன் 16-ஆம் நாளும், எஞ்சிய பகுதி 2023 மார்ச் 16-ஆம் நாளும் திறக்கப்பட்டன. மொத்தம் 57.7 கிலோமீட்டர், அதில் ஒன்பது நிலையங்கள் நிலத்துக்கு அடியில். அந்த ஒன்பதில் ஒன்றின் பெயர் ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர்.

கோலசிலாங்கூர், ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்து மக்களுக்கு இது சிறிய செய்தி அன்று. நம் வட்டாரத்துக்கு எம்.ஆர்.டி. வரவில்லை, எனினும் பேருந்திலோ மகனுடைய காரிலோ சுங்கை பூலோவுக்கு வந்துவிட்டால், வண்டி மாறாமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடலாம். வடக்கே ரவாங், செரண்டா, பத்தாங்காலியிலிருந்து கோமுட்டரில் வருபவர்களும் சுங்கை பூலோவில் இறங்கி இதற்கு மாறலாம். சிறுநீரகம், இருதயம், கண் என்று மாதம் தவறாமல் போகவேண்டிய முதியவர்கள் எத்தனை பேர்! பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். தனியாகத்தான் போகவேண்டியிருக்கிறது.

அங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. தேசிய மொழி முதலில் வருவது முறையே. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. எங்கள் மாணவர்கள் மூன்று மொழியும் பேசுகிறார்கள். அவர்களுக்கு இது பிரச்சினையே அல்ல. நான் சொல்வது அவர்களுடைய பாட்டிமார்களைப் பற்றி. சந்தையில் பேசும் மலாய் அவர்களுக்கு வரும். எழுத்து நடையில், ஒலிபெருக்கியில், சுரங்க இரைச்சலோடு வருகிற மலாய் வேறு. மேலும், மூத்த பெண்களில் பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. கதவுக்கு மேல் ஒளிரும் பெயர் அவர்களுக்குப் பயன்படாது.

பக்கத்து நாட்டில் எப்படி என்று பார்ப்போம். சிங்கப்பூரில் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஆட்சிமொழிகள். 1987 நவம்பரில் தொடங்கிய அவர்களுடைய எம்.ஆர்.டி.யில், அடுத்த நிலையம் என்ற வழக்கமான அறிவிப்பு ஆங்கிலத்தில் வந்தாலும், நடைமேடை இடைவெளியில் கவனமாயிருக்கச் சொல்லும் எச்சரிக்கை நான்கு மொழிகளிலும் ஒலிக்கிறது. அதன் மலாய்ப் பகுதியில் 'பெர்ஹாத்தி-ஹாத்தி' என்று வருவதை, மலாய் தெரியாத பிள்ளைகள் 'ஹெப்பி ஹெப்பி' என்று கேட்டுக்கொண்டு வளர்ந்தார்கள் என்பது அங்கே அனைவரும் அறிந்த வேடிக்கை. கவனம் என்று சொன்னால் மகிழ்ச்சி என்று விளங்குகிறது! வேடிக்கைதான், ஆனால் தெரியாத மொழியில் எச்சரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. சென்னையில் 2017 மே மாதம் திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் இடையே நிலத்தடி மெட்ரோ ஓடத் தொடங்கியது. அங்கே தமிழ் முதலில், ஆங்கிலம் அடுத்து. பூமிக்கு அடியில் தமிழ் கேட்க வேண்டுமானால் அங்கே போகலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். மருத்துவமனைக்குப் போக அது கொஞ்சம் தூரம்.

எல்லா மொழியிலும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. 1968-இல் தடையாக இருந்தது கருவியின் கொள்ளளவு. இன்று அது ஒரு பொருட்டே அல்ல. இன்றைய தடை நேரம். சுரங்கத்தில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு நிமிட ஓட்டம். அதற்குள் நான்கு மொழிகளில் நான்கு செய்திகளைச் சொன்னால் வண்டியில் ஓயாத பேச்சுதான் இருக்கும். ஓயாமல் பேசும் குரலை எவரும் கேட்பதில்லை; இதை ஓர் ஆசிரியராகவும் உறுதியாகச் சொல்லுவேன். ஆனால் எதை மொழிபெயர்க்க வேண்டும், எதை வேண்டியதில்லை என்று பிரித்துப் பார்க்கலாம். நிலையத்தின் பெயர் எந்த மொழியிலும் பெயர்தான். ஜிஞ்சாங் என்றால் ஜிஞ்சாங். தித்திவங்சா என்றால் தித்திவங்சா. அதை ஒருமுறை தெளிவாகச் சொன்னால் நம் பாட்டிக்கும் விளங்கும். விளங்காதது மற்றது. வண்டி இங்கேயே நின்றுவிடும், அனைவரும் இறங்குக. கதவு இந்தப் பக்கம் திறவாது, அந்தப் பக்கம் திறக்கும். புகை வருகிறது, அமைதியாக வெளியேறுக. நாள்தோறும் சொல்ல வேண்டிய செய்திகள் அல்ல இவை. சொல்ல நேரும் அன்றைக்கு, அந்த மண்டையோட்டுப் பலகையில் எத்தனை மொழி உண்டோ அத்தனை மொழியில் சொல்ல வேண்டிய செய்திகள். பதிந்து வைக்க ஒரு நாளைக்கு மேல் ஆகாது.

என் மாணவி ஒருத்தியின் பாட்டி, எழுபதைத் தாண்டியவர், பால்மரம் வெட்டி ஓய்ந்தவர், மாதம் ஒருமுறை தனியாக மருத்துவமனைக்குப் போய் வருகிறார். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு பள்ளி விடுமுறையில் அதே வண்டியில் நானும் போக நேர்ந்தது. "அறிவிப்பு புரியுதா பாட்டி?" என்று கேட்டேன்.

"அது பாட்டுக்குப் பேசிக்கிட்டு வரும், வாத்தியாரே. நான் எண்ணிக்கிட்டு வருவேன்," என்றார்.

எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டதற்கு, இடக்கையை விரித்துக் காட்டினார். சுண்டு விரலிலிருந்து தொடங்கி, நான்கு விரல்களுக்கும் மும்மூன்று கணுவாகப் பன்னிரண்டு, கட்டை விரலுக்கு இரண்டு, ஆகப் பதினான்கு. சுங்கை பூலோவில் ஏறியபின் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் ஒரு கணு. "கை முழுக்க முடிஞ்சா ஆஸ்பத்திரி. எறங்கிடணும்."

நான் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். டாமன்சாரா டாமாய் ஒன்று. ஸ்ரீ டாமன்சாராவில் பாராட், செந்திரல், தீமூர் மூன்று. மெட்ரோ பிரிமா, கெப்போங் பாரு, ஜிஞ்சாங், ஸ்ரீ டெலிமா, கம்போங் பத்து, கெந்தோன்மென், ஜாலான் ஈப்போ. அதன்பின் வண்டி மண்ணுக்குள் இறங்கி, செந்தூல் பாராட், தித்திவங்சா, ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர். சரியாகப் பதினான்கு. வண்டியின் அச்சில் இருக்கும் கருவியும் இதைத்தானே செய்கிறது என்று அவரிடம் சொல்லத் தோன்றிற்று. ஆனால் சுரங்கம் வந்துவிட்டிருந்தது. பாட்டியின் வலக்கைப் பெருவிரல் இடக்கைக் கட்டை விரலின் அடிக்கணுவில் இருந்தது. அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்துக் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாதே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கதவு திறந்தது, அவர் இறங்கினார்.